உருண்டைக்குள் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டுங்கள்

சென்ற டிசம்பர் 24 இரவு ஒன்பது மணிக்கு, என்னிடம் சாக்லேட் செய்யக் கற்றுக்கொண்ட ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். குரல் நடுங்கியது. கிறிஸ்துமஸுக்காகத் தன் கையாலேயே, சூடான பாலில் கரைத்துக் குடிக்கும் ஹாட் சாக்லேட் உருண்டைகள் செய்து, தான் குடியிருக்கும் அடுக்குமாடியில் பதினொரு வீடுகளுக்குக் கொடுத்திருக்கிறார். அதில் ஒரு வீட்டில் ஐந்து வயதுப் பையன். உருண்டை கரைந்த பாலை இரண்டு மடக்கு குடித்ததும் உதடு வீங்கி, கழுத்தெல்லாம் தடித்துவிட்டது. அவனுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது. உருண்டைக்குள் இவர் ஒரு சிறு கரண்டி வேர்க்கடலை வெண்ணெய் வைத்திருந்தார். தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ஊசி போட்டதால் பையன் தேறிவிட்டான்.

“எல்லாம் சுத்தமாகத்தானே செய்தேன், மேடம்?” என்று அவர் அழுதார். சுத்தமாகத்தான் செய்திருந்தார். பெட்டியில் ரிப்பன் இருந்தது, குட்டி மணி இருந்தது, வாழ்த்து அட்டை இருந்தது. ‘வேர்க்கடலை’ என்ற சொல் மட்டும் எங்கும் இல்லை. நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். கோயம்புத்தூரில் பதினான்கு ஆண்டுகளாக வீட்டுப் பெண்களுக்குச் சாக்லேட் வகுப்பு எடுக்கிறேன். அச்சில் ஊற்றுவதையும் ரிப்பன் கட்டுவதையும் கற்றுக்கொடுத்த நான், ஒரு சீட்டு எழுதி ஒட்டச் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுத அதுதான் காரணம்.

நம் வீட்டில் நமக்காகச் செய்யும்போது யாருக்கு எது ஆகாது என்று நமக்குத் தெரியும். பரிசு அப்படியல்ல. அது நாம் பார்த்தே இராத குழந்தையின் கைக்கும் போகும், விரதம் இருக்கும் பாட்டியின் கைக்கும் போகும்.

இந்த உருண்டை 2020 இறுதியில், கொரோனா காலத்தில், அமெரிக்காவிலிருந்து காணொளிகள் வழியாக உலகமெங்கும் பரவியது. உள்ளே வெற்றிடமாக இருக்கும் சாக்லேட் பந்து. அதற்குள் கோகோ பவுடர், சர்க்கரை, மார்ஷ்மெல்லோ என்ற பஞ்சுபோன்ற மிட்டாய். கோப்பையில் வைத்துச் சூடான பாலை ஊற்றினால் பந்து வாய் பிளந்து உள்ளிருப்பது மிதந்து வரும். குழந்தைகள் கண்களை விரித்துப் பார்க்கும் காட்சி அது. ஆனால் மூடிய பந்து என்பதால், உள்ளே இருப்பது வாய்க்குப் போகும்வரை யாருக்கும் தெரியாது.

பொட்டலத்தில் விற்கும் உணவில் ஒவ்வாமை தரக்கூடியவற்றைக் குறிப்பிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. கோதுமை முதலிய, குளூட்டன் என்ற புரதம் உள்ள தானியங்கள், முட்டை, மீன், இறால் நண்டு வகை, வேர்க்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், சோயா, பால், உணவு கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்பைட் ஆகியவை 2020-ஆம் ஆண்டு உணவு லேபிள் விதிகளில் உள்ளன. வீட்டில் செய்து அன்பாகக் கொடுப்பவரிடம் யாரும் லேபிள் கேட்கப்போவதில்லை. நாமேதான் ஒட்ட வேண்டும்.

சேர்க்கும் பொருளை எழுதினால் மட்டும் போதாது. காலையில் வேர்க்கடலைச் சட்னி அரைத்த மிக்ஸி ஜாரிலேயே மாலையில் சர்க்கரையைப் பொடிக்கிறோம். ஜாரைக் கழுவிவிட்டோம் என்று நினைப்போம். மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றி, அதன் உட்பக்கத்தை விரலால் வழித்துப் பாருங்கள். ஒரு வகுப்பில் எல்லோரையும் வீட்டு ஜாரைக் கொண்டுவரச் சொல்லிக் கழற்ற வைத்தேன். பாதிக்கு மேற்பட்ட வளையங்களின் அடியில் மஞ்சளும் கடலைத் துகளும் பசைபோல ஒட்டியிருந்தன. கடுமையான ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அந்த அளவே போதும். ‘இதே சமையலறையில் வேர்க்கடலை கையாளப்படுகிறது’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

மார்ஷ்மெல்லோ விஷயம் வேறு. அது பெரும்பாலும் ஜெலட்டினில் செய்வது. ஜெலட்டின் மாடு, பன்றி, மீன் ஆகியவற்றின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுகிறது. சைவம் சாப்பிடும் வீட்டுக்கோ, ஹலால் பார்க்கும் வீட்டுக்கோ சொல்லாமல் கொடுப்பது சரியல்ல. பாக்கெட்டில் சைவத்தைக் குறிக்கும் பச்சை வட்டம் இருக்கிறதா, அசைவத்தைக் குறிக்கும் பழுப்பு முக்கோணம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கடல்பாசியில் செய்த சைவ மார்ஷ்மெல்லோவும் இப்போது கிடைக்கிறது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீடு என்றால் மார்ஷ்மெல்லோவே வேண்டாம். அதன் வழவழப்பும் உருண்டை வடிவமும் தொண்டையை அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது, மேலே தூவும் பொன் பொடி. இதை வகுப்பில் ஒவ்வொரு முறையும் குரல் உயர்த்தியே சொல்கிறேன். ‘நச்சற்றது’ என்று டப்பியில் போட்டிருந்தால் அது சாப்பிடத் தகுந்தது என்று பொருளில்லை. 2018-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு பிறந்தநாள் கேக் சாப்பிட்ட ஆறு குழந்தைகள் வாந்தியெடுத்தார்கள். கேக்கில் பூசியிருந்த மினுமினுப்புப் பொடியில் செம்பு மிகுந்திருந்தது. உட்பொருள் பட்டியலும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண்ணும் இல்லாத பொடியை, எவ்வளவு அழகாக மின்னினாலும், கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இனிச் செய்முறைக்கு வருகிறேன். கோயம்புத்தூர்க் கடைகளில் ‘குக்கிங் சாக்லேட்’ என்று கேட்டால் பெரும்பாலும் காம்பவுண்ட் சாக்லேட்டைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். உருக்கி ஊற்றினால் போதும், தானே இறுகிவிடும். ஆனால் பாலில் கரைந்தபின் நாக்கில் மெழுகுப் படலம் தங்கும். பரிசென்றால் கோகோ வெண்ணெய் உள்ள உண்மையான சாக்லேட்டையே வாங்கச் சொல்வேன். அதற்குப் பக்குவம் வேண்டும். கோகோ வெண்ணெய் ஆறு விதமாகப் படிகமாகக்கூடியது. அவற்றில் ஐந்தாவது வடிவம்தான் பளபளப்பையும், உடைத்தால் ‘டக்’ என்ற ஓசையையும் தரும். டார்க் சாக்லேட்டில் மூன்றில் இரண்டு பங்கை 45 டிகிரிக்கு உருக்குங்கள். மீதிப் பங்கைச் சீவிப் போட்டு, 31 அல்லது 32 டிகிரிக்கு இறங்கும்வரை கிளறுங்கள். ஒரு வெப்பமானி வாங்கிக்கொள்ளுங்கள். கை வைத்துப் பார்த்துச் செய்தால் பத்தில் ஏழு முறை தவறும்.

இந்த வேலையில் முதல் எதிரி தண்ணீர். கொதிநீருக்கு மேல் கிண்ணத்தை வைத்து உருக்குகிறோம். கிண்ணத்தை எடுத்து அச்சில் சாய்க்கும்போது அதன் அடியில் வழியும் ஒரு துளி சாக்லேட்டில் விழுந்தால் போதும், நெய்போல ஓடிக்கொண்டிருந்தது கண்ணெதிரே கேழ்வரகுக் களியாக இறுகிவிடும். அடியைத் துணியால் துடைத்துவிட்டே ஊற்றுங்கள். இறுகிவிட்டால் தூக்கிப்போட வேண்டாம். சூடான பாலைச் சேர்த்துக் கலக்கினால் அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் ஹாட் சாக்லேட் ஆயிற்று.

ஆறு சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டைக்குச் சுமார் 40 கிராம் சாக்லேட் பிடிக்கும். உள்ளே வைப்பதெல்லாம் உலர்ந்ததாக இருக்க வேண்டும்: ஒரு மேசைக்கரண்டி கோகோ பவுடர், அதே அளவு பொடித்த சர்க்கரை, பால் பவுடர், ஏலக்காய்த்தூள் அல்லது சுக்குத்தூள். நாட்டுச் சர்க்கரையையும் கருப்பட்டியையும் உள்ளே வைக்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அவற்றின் ஈரத்தால் கலவை கட்டிதட்டிவிடும். ஃப்ரெஷ் கிரீம் வேண்டவே வேண்டாம். ஈரமுள்ள நிரப்பல் அறை வெப்பத்தில் கெட்டுப்போகும். உலர்ந்த பொருள் மட்டும் வைத்த உருண்டைக்கு நான் மூன்று வாரம் கெடு கொடுக்கிறேன்.

மழை ஓயாத மார்கழியில் உருண்டையைக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்தால் மேலே வியர்த்து, காய்ந்ததும் வெள்ளை பூத்துவிடும். அது பூஞ்சை அல்ல, சர்க்கரை. சாப்பிடலாம், ஆனால் பரிசு வாங்கியவர் அதைக் குப்பையில் போட்டுவிடுவார். பெட்டியை மூடியபடியே வெளியில் வைத்து, குளிர் முழுவதும் தணிந்த பிறகு திறவுங்கள்.

என்னைக் கேட்டால், சென்னைக்கோ மதுரைக்கோ அனுப்ப நினைப்பவர்கள் உருண்டையை விட்டுவிட்டு, கண்ணாடி ஜாடியில் பொடியாகக் கொடுப்பதே நல்லது. ஏறக்குறைய 34 டிகிரியில் உருகும் பொருளை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைத்துக் காப்பாற்ற முடியாது. ஒரு கப் கோகோ பவுடர், ஒன்றரைக் கப் பொடித்த சர்க்கரை, இரண்டு கப் பால் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு. இவற்றை இரண்டு முறை சலித்து, நன்றாகக் காய்ந்த ஜாடியில் அடைக்க வேண்டும். 200 மில்லி பாலுக்கு மூன்று மேசைக்கரண்டி. பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக விளையும் கோகோவில் செய்த பவுடர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். பக்கத்து ஊரில் விளைந்ததைப் பரிசாகக் கொடுப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

பாலை யார் ஊற்ற வேண்டும் என்பதையும் சீட்டில் எழுதுங்கள். உருண்டை பிளக்கும் கணத்தைப் பார்க்கக் குழந்தைகள் கோப்பைக்கு மேல் முகத்தை நீட்டுவார்கள், அப்போதுதான் பால் தெறிக்கும். உயரமான கோப்பையில் பெரியவர்தான் ஊற்ற வேண்டும், பால் தளதளவென்று கொதிக்கக் கூடாது. சுட்டுவிட்டால் ஓடும் குழாய் நீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பேஸ்ட், மை, மஞ்சள் எதையும் தடவாதீர்கள். உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் 108-ஐ அழையுங்கள். வீட்டில் நாய் இருந்தால் பெட்டியை அதற்கு எட்டாமல் வைக்கச் சொல்லுங்கள். கோகோவில் உள்ள தியோபுரோமின் நாய்களுக்கு நஞ்சு.

அன்று அழைத்த பெண் இந்த ஆண்டு எழுதியிருக்கும் சீட்டு இது: ‘கோகோ பவுடர், சர்க்கரை, பால் பவுடர், உப்பு, ஏலக்காய். பால் உண்டு. வேர்க்கடலை, முந்திரி, பாதாம், ஜெலட்டின் சேர்க்கவில்லை. புதிய ஜாரில் பொடித்தது, ஆனால் இதே சமையலறையில் வேர்க்கடலை கையாளப்படுகிறது. செய்த நாள் டிசம்பர் 18. ஜனவரி 8-க்குள் பயன்படுத்தவும்.’ அடியில் தன் தொலைபேசி எண்ணையும் எழுதியிருக்கிறார். அந்தப் பையன் வீட்டுக்கு இதுவரை ஜாடி போகவில்லை. சீட்டை மட்டும் முதலில் கொடுத்திருக்கிறார். அவன் அம்மா அதை மருத்துவரிடம் காட்டிவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாராம்.