கூரையை வெட்டினால் கார் கனக்கும்

செருப்புக் கடையில் தரும் அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, மூடியைச் சுற்றிலும் பசை போட்டு ஒட்டிவிட்டு, இரண்டு முனையையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். லேசில் அசையாது. மூடியைப் பிய்த்துவிட்டு முறுக்கினால் ஈரத்துணி பிழிவதுபோல் வளைந்துகொடுக்கும். ஃபோக்ஸ்வாகனின் பழைய பீட்டில் காரின் கூரையை அறுத்தாலும் இதுதான் நடக்கும்.

கூரை வெயிலுக்கும் மழைக்கும் மட்டும் இல்லை. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது காரின் உடல் முழுவதும் முறுகப் பார்க்கிறது. தரை, பக்கச்சுவர், கூரை என்று சுற்றி வளைத்து மூடிய கூடாக இருந்தால் அந்த விசை சுற்றிச் சுற்றிப் பகிர்ந்துகொள்ளப்படும். கூரை போனால் சுற்று அறுந்துவிடுகிறது. தரையே எல்லாப் பாரத்தையும் தாங்க வேண்டும். அப்புறம் மேடுபள்ளத்தில் முன்கண்ணாடிச் சட்டம் தனியாக நடுங்கும். நடுப்பகுதி கொஞ்சம் தொய்ந்தாலே போதும், கதவு சாத்த வராது. அதனால்தான் விவரம் தெரிந்த மெக்கானிக், ரம்பத்தைத் தொடுவதற்கு முன்பே கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாயை வைத்து வெல்டிங் செய்துவிடுவார். வெட்டிவிட்டு முட்டுக்கொடுத்தால் கோணிய கூடு கோணியபடியே நின்றுவிடும்.

ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக் நகரில் இருந்த கார்மன் நிறுவனம் 1949 முதல் 1980 ஜனவரி வரை 3,31,847 திறந்த பீட்டில்களைச் செய்தது. இவை வெறுமனே கூரை வெட்டிய கார்கள் அல்ல. கதவுக்குக் கீழே, காரின் நீளத்துக்கு ஓடும் பகுதியில் தனி இரும்புச் சட்டங்கள் சேர்த்தார்கள். கதவுத் தூண்களையும் வலுப்படுத்தினார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், கூரையைக் கழித்த கார், கூரையுள்ள காரைவிட எடை கூடியது!

1957இல் வந்த ஃபியட் 500 என்ற சின்ன இத்தாலியக் கார் இந்தப் பாடே படவில்லை. மேல்பக்கச் சட்டங்களை அப்படியே விட்டுவிட்டு நடுவில் மட்டும் துணி போட்டார்கள். காற்று வேண்டும், காரும் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் முழுசாகத் திறந்த காரின் அழகு இதில் வராது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

பீட்டிலில் இன்னொரு சிக்கல், மடித்த கூரையை எங்கே வைப்பது? பின்சீட்டுக்குப் பின்னால் என்ஜின். உள்ளே இறக்க இடமில்லை. அதனால் கனத்த துணிக்கூரை, சுருட்டிய மெத்தைபோல் வெளியே உட்கார்ந்துகொண்டு ஓட்டுநரின் பின்பார்வையை மறைத்தது. சாதாரண பீட்டிலின் பின்கண்ணாடிக்குக் கீழேதான் என்ஜினுக்குக் காற்றுப் போகும் துளைகள் இருந்தன. காற்றால் குளிரும் என்ஜின். அந்த வழி அடைபட்டால் கொதித்துவிடும். சரி, துளைகளை என்ஜின் மூடிக்கே மாற்றினார்கள். அந்த வழியாக மழைத்தண்ணீரும் வருமே? மூடியின் உள்பக்கம் ஒரு தகரத் தட்டு வைத்து அதையும் வடித்துவிட்டார்கள்.