பயிற்றுசவாரியாளர்: ‘பயிற்சி ஜாக்கி’ என்பது ஏன் தவறு?

பந்தயக் குதிரைகளைப் பற்றிய மொழிபெயர்ப்புகளில் ‘பயிற்சி ஜாக்கி’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. ஆவணப்பட வசனத்தில் பார்த்தேன், செய்தியில் பார்த்தேன். இப்போது ஒரு படிப்பைப் பற்றிய அறிமுகத்திலும் வந்துவிட்டது: ‘பயிற்சி ஜாக்கிகளுக்கான பயிற்சியும் அங்கீகாரமும்’. இதை வாசிக்கிறவர் என்ன புரிந்துகொள்வார்? ஜாக்கி, அதாவது பந்தயத்தில் குதிரை ஏறுபவர், ஆவதற்காகப் பயின்றுகொண்டிருக்கும் இளைஞர்களுக்கு ஏதோ படிப்பு இருக்கிறது என்றுதான். அந்தப் படிப்போ அவர்களுக்கானதே அல்ல. தினமும் விடியற்காலையில் பந்தயக் குதிரைமேல் ஏறி, களத்தில் அதை நடத்தியும் ஓடவைத்தும் அதன் உடலைப் பந்தயத்துக்குத் தயாராக வைத்திருப்பவர்களுக்கானது. அவர்களில் பலர் ஒரு பந்தயத்தில்கூட ஏறியதில்லை. ஏற வேண்டும் என்ற எண்ணமும் பலருக்கு இல்லை.

அமெரிக்காவில் இவர்களை எக்சர்சைஸ் ரைடர் என்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் டிராக் ரைடர் அல்லது டிராக்வொர்க் ரைடர், பிரிட்டனில் வொர்க் ரைடர். வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

வேர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜாக்கி என்பது ஜான் என்ற பெயரின் ஸ்காட்லாந்துச் செல்ல வடிவத்திலிருந்து வந்தது; ‘பையன்’ என்பதுபோல வழங்கிய சொல், பிறகு பந்தயச் சவாரிக்காரருக்கு நிலைத்துவிட்டது. சவாரி பாரசீகம்: சவார் என்றால் குதிரைமேல் இருப்பவன். எக்சர்சைஸ் லத்தீனிலிருந்து வருகிறது. ஓயவிடாமல் வேலையில் வைத்திருப்பது என்பது அதன் பழைய பொருள். கவனிக்க வேண்டியது இந்தக் கடைசிச் சொல்லைத்தான். எக்சர்சைஸ் ரைடர் என்னும்போது எக்சர்சைஸ் குதிரைக்கு, சவாரி மனிதருக்கு. ‘பயிற்சி ஜாக்கி’ இந்த இரண்டையும் தலைகீழாக்கிவிடுகிறது.

தமிழில் பயில் என்பது தன்வினை, பயிற்று என்பது பிறவினை. பயில்பவர் கற்கிறார், பயிற்றுபவர் கற்பிக்கிறார். ‘பயிற்சி’ இந்த இரண்டுக்கும் பொதுவான பெயராகிவிட்டது. பயிற்சி மருத்துவர் என்றால் பயில்பவர். பயிற்சி ஆசிரியர் என்றாலும் அப்படித்தான். இந்தப் பழக்கம் தமிழ் வாசகர் மனத்தில் ஆழமாகப் பதிந்திருக்கிறது: ஒரு தொழிற்பெயருக்கு முன்னால் ‘பயிற்சி’ வந்தால் அவர் இன்னும் முழுமையாகத் தேறாதவர். இருபது ஆண்டுகளாகத் தினமும் ஆறேழு குதிரைகள்மேல் ஏறி இறங்கும் ஒருவரை ‘பயிற்சி ஜாக்கி’ என்று எழுதினால், அவர் அனுபவத்தையே அழித்துவிடுகிறோம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பந்தய உலகில் உண்மையாகவே பயிலும் ஜாக்கிகள் இருக்கிறார்கள். அப்ரன்டிஸ் என்பார்கள். அனுபவக் குறைவை ஈடுகட்ட, அவர்கள் ஏறும் குதிரைக்குச் சுமையில் சலுகை உண்டு. பிரிட்டனில் முதலில் 7 பவுண்டு, வெற்றிகள் கூடக் கூட 5, பிறகு 3 என்று அது குறையும். அப்ரன்டிஸுக்குத் தமிழில் ‘பழகுநர்’ என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. தொழிற்பழகுநர் என்று அரசு ஆவணங்களிலேயே வழங்குகிறது. பழகுநர் ஜாக்கி என்று எழுதவேண்டிய இடத்திலும் ‘பயிற்சி ஜாக்கி’, எக்சர்சைஸ் ரைடருக்கும் அதே ‘பயிற்சி ஜாக்கி’ என்றால், ஒரே கட்டுரைக்குள் இருவரும் வரும்போது என்ன செய்வது? போதாததற்குக் குதிரைப் பயிற்சியாளர் என்று மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். எந்தக் குதிரை எந்த நாளில் எவ்வளவு தூரம், என்ன வேகத்தில் ஓட வேண்டும் என்று முடிவு செய்கிற ட்ரெய்னர் அவர். பயிற்சியாளர், பயிற்சி ஜாக்கி, பயிற்சி ஜாக்கி. மூன்று வேறு மனிதர்கள், வாசகருக்கு ஒரே மூட்டம்.

வேலையைத் தெரிந்துகொண்டால் சொல்லின் போதாமை இன்னும் தெளிவாகும். ஒரு ஃபர்லாங் ஏறத்தாழ 201 மீட்டர். பந்தய வேகத்தில் ஒரு நல்ல குதிரை அதைச் சுமார் 12 நொடியில் கடந்துவிடும். பயிற்சியாளர் இன்று அந்த வேகம் வேண்டாம், ஃபர்லாங்குக்கு 15 நொடி போதும் என்பார். அந்தக் கணக்கில் எட்டு ஃபர்லாங், அதாவது ஒரு மைல், சரியாக 2 நிமிடம். மேலே இருப்பவர் கையில் கடிகாரம் பார்த்துக்கொண்டு போக முடியாது. குளம்படியின் தாளத்தையும் காற்று முகத்தில் அறையும் விதத்தையும் வைத்தே வேகத்தை அளக்க வேண்டும். அடியிலிருக்கும் குதிரைக்கு இன்னும் வேகமாகப் போக ஆசை; பக்கத்தில் வேறொரு குதிரை வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கடிவாள வாரை இரண்டாக மடித்துக் குதிரையின் கழுத்தில் ஊன்றி, அதன் பலத்தை அதன்மேலேயே திருப்பிவிட்டுத்தான் தாக்குப்பிடிக்கிறார்கள். இறங்கியதும் இடது முன்னங்கால் கொஞ்சம் தயங்குகிறது, மூச்சில் சத்தம் வருகிறது, வளைவில் வெளிப்பக்கம் இழுக்கிறது என்று பயிற்சியாளரிடம் சொல்ல வேண்டும். குதிரையின் நோயை முதலில் உணரும் உடல் பெரும்பாலும் இவருடையதுதான்.

பந்தயத்தில் குதிரை சுமக்க வேண்டிய எடை விதிப்படி அளந்து வைக்கப்படுகிறது. காலைச் சவாரியில் அந்தக் கட்டு இல்லை. அதனால் ஜாக்கி ஆக முடியாத எடையுள்ளவர்களும் இந்த வேலையில் சிறந்து விளங்க முடியும். இதுவும் இது தனித் தொழில் என்பதற்குக் காரணம். 1973-ல் அமெரிக்காவின் பெல்மான்ட் பந்தயத்தை 31 குதிரை நீள இடைவெளியில் வென்ற செக்ரட்டேரியட் என்ற குதிரையின் மேல் ஜாக்கியாக இருந்தவர் ரான் டர்காட் என்பது குதிரைப் பந்தயம் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். காலைகளில் அந்தக் குதிரையின் மேல் ஏறியவர்களில் ஒருவர் சார்லி டேவிஸ். அவரைப் ‘பயிற்சி ஜாக்கி’ என்று எழுதினால், டர்காட்டுக்குக் கீழே தொழில் கற்றுக்கொண்டிருந்தவர் என்றல்லவா ஆகிவிடும்?

சரி, வேறு என்ன சொல் இருக்கிறது? ‘உடற்பயிற்சி ஓட்டுநர்’ என்று சிலர் எழுதுகிறார்கள். இது இன்னும் மோசம். ஓடு என்பதிலிருந்து ஓட்டு வருகிறது, குதிரையை ஓடச் செய்பவர் ஓட்டுநர்தானே என்று இதற்கு வாதாடலாம். ஆனால் பந்தய உலகில் ஓட்டுநர் என்று உண்மையாகவே ஒருவர் இருக்கிறார்: குதிரைக்குப் பின்னால் இரண்டு சக்கர இலகு வண்டியைப் பூட்டி நடத்தும் பந்தயங்களில் அந்த வண்டியில் உட்கார்ந்திருப்பவர். ஆங்கிலத்திலும் அவரை டிரைவர் என்றே சொல்கிறார்கள். முதுகின் மேல் இருப்பவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் எப்போதோ கண்டிருக்கிறது. குதிரை ஏறினான் என்கிறோம், வண்டி ஓட்டினான் என்கிறோம். அதைக் குழப்புவானேன்?

தனித்தமிழ் அன்பர்கள் ‘பரி கடவுநர்’ என்பதை முன்வைக்கிறார்கள். அதற்கு வலுவான சான்று இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை ‘கடும்பரி கடவுநர், களிற்றின் பாகர், நெடுந்தேர் ஊருநர்’ என்று வரிசைப்படுத்துகிறது. குதிரைக்கு ஒருவர், யானைக்கு ஒருவர், தேருக்கு ஒருவர், மூவருக்கும் மூன்று சொல். எவ்வளவு துல்லியம்! இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் நம் இன்றைய மெத்தனத்தை நினைத்து வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கடவுநரை இப்போது மீட்டுக் கொண்டுவர முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்றைய வாசகருக்குக் கடவு என்றால் கடவுச்சீட்டு, கடவுச்சொல். ‘கடவுநர் தேர்வு’ என்று எழுதினால் எல்லைச் சோதனை ஏதோ என்று நினைப்பார். ஒரு சொல் அழகாக இருந்தால் மட்டும் போதாது. அது வந்து உட்கார மொழியில் இடம் காலியாக இருக்க வேண்டும்.

பாகர் என்பதும் சரிவராது. குதிரைப்பாகன் என்றால் தீனி வைத்து, தேய்த்துவிட்டு, லாயத்தைப் பார்த்துக்கொள்பவர் என்ற பொருளே இன்று நிற்கிறது. பந்தயக் களங்களில் சயீஸ் என்பார்களே, அவர். அந்தச் சொல்லும் அரபியிலிருந்து வந்தது.

அதனால் சவாரியை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பது என் முடிவு. பாரசீகம் என்று ஒதுக்குபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: குதிரைச் சவாரி என்று சொன்னால் புரியாத தமிழர் எங்கே இருக்கிறார்? நமக்கு இங்கே தேவைப்படுவது புரிதல். தூய்மையைக் காப்பாற்றப் போய்ப் பொருளைத் தொலைத்தால், அதில் மொழிக்கு ஒரு லாபமும் இல்லை. சவாரிக்கு முன்னால் என்ன வரவேண்டும் என்பதில்தான் தமிழின் இலக்கணம் நமக்குக் கைகொடுக்கிறது.

‘பயிற்றுமொழி’ என்ற சொல்லைப் பாருங்கள். மாணவர் கற்கும் மொழி என்று அதற்கு யாரும் பொருள் கொள்வதில்லை. எந்த மொழியின் வழியாகக் கற்பிக்கிறார்களோ, அந்த மொழி. பயிற்று என்ற பிறவினை முன்னால் நிற்பதால் அந்தத் தெளிவு வருகிறது. அதே அச்சில், எந்தச் சவாரியின் வழியாகக் குதிரையைப் பயிற்றுகிறார்களோ அது பயிற்றுசவாரி. அதைச் செய்பவர் பயிற்றுசவாரியாளர். வினைத்தொகை என்பதால் இடையில் ச் மிகாது. ஊறுகாய், சுடுகாடு போலத்தான். ‘பயிற்றுச்சவாரி’ என்று எழுதிவிடாதீர்கள்.

ஜாக்கிகளும் காலையில் ஏறுகிறார்களே, அவர்களை என்ன சொல்வது என்று ஒரு நண்பர் கேட்டார். அந்தக் காலையில் அவர் செய்வது பயிற்றுசவாரி, மாலையில் ஏறுவது பந்தயம். வேலைக்குப் பெயர் வைத்துவிட்டால் ஆளைப் பற்றிய குழப்பம் தானாகத் தீர்ந்துவிடும். ‘பயிற்சி ஜாக்கி’யை வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பாருங்கள், முடியாது.

அடுத்தது அந்தப் படிப்பின் அறிமுகத்தில் வந்த ‘அங்கீகாரம்’. அக்ரெடிடேஷன் என்று கண்டால் யோசிக்காமல் அங்கீகாரம் என்று போட்டுவிடுகிறார்கள். இந்தத் துறையில் மூன்று வேறு செயல்கள் நடக்கின்றன. ஒருவருக்குச் சவாரி தெரியுமா என்று பார்த்துத் தேறியவர் என்று எழுதித் தருவது ஒன்று. சேணத்தையும் வயிற்றுப் பட்டையையும் சரிபார்க்கிறாரா, தலைக்கவசமும் உடற்கவசமும் ஒழுங்காக அணிகிறாரா, குறைந்த வேகத்திலும் அதிக வேகத்திலும் குதிரை இவர் பிடியில் நிற்கிறதா, இன்னொரு குதிரையோடு இணையாகப் போக முடிகிறதா, நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்துகிறாரா, ஆளைத் தள்ளிவிட்ட குதிரை களத்தில் தனியாக ஓடிவந்தால் என்ன செய்கிறார் என்றெல்லாம் பார்த்த பிறகு கிடைப்பது. இதற்குப் பெயர் தகுதிச்சான்று. பிரிட்டனில் நியூமார்க்கெட்டிலும் டான்காஸ்டரிலும் இதற்கென்றே பள்ளிகள் இருக்கின்றன. அங்கே இயந்திரக் குதிரையின் மேலும் உட்காரவைத்துச் சொல்லித் தருகிறார்கள்.

பந்தய ஆணையம் களத்தில் இறங்க அனுமதி தருவது இரண்டாவது. அது உரிமம். அமெரிக்காவில் மாநில ஆணையங்களும், ஆஸ்திரேலியாவில் அந்தந்த மாநிலப் பந்தய அமைப்புகளும் அதைத் தருகின்றன. களத்துக்குப் போக்குவரத்து விதிகள் உண்டு: அமெரிக்கக் களங்களில் வேகமாக ஓடும் குதிரைக்கு உள்வேலிப் பக்கம், எதிர்த்திசையில் மெதுவாக வரும் குதிரைக்கு வெளிவேலிப் பக்கம். இது தெரியாதவர் உள்ளே வந்தால் உயிர்ச்சேதம்தான். சவாரி நன்றாகத் தெரிந்தவருக்கும் உரிமம் மறுக்கப்படலாம், இருந்த உரிமம் பறிக்கப்படலாம். இந்த வேறுபாட்டை அங்கீகாரம் என்ற ஒற்றைச் சொல் விழுங்கிவிடுகிறது. பள்ளியையோ பாடத்திட்டத்தையோ ஓர் அமைப்பு ஏற்றுக்கொள்வது மூன்றாவது. அங்கீகாரத்தை அங்கே மட்டும் பயன்படுத்தினால் எனக்கு மறுப்பில்லை. ‘ஏற்பு’ என்றால் இன்னும் நல்லது. ஆளுக்குச் சான்றும் உரிமமும், நிறுவனத்துக்கு ஏற்பு. அக்ரெடிடேஷன் என்ற சொல்லைப் பார்த்தவுடன் யாருக்கு, யார், எதற்காகத் தருகிறார்கள் என்று கேட்க மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு நிமிடம் ஆகுமா? அந்த ஒரு நிமிடம்தான் இப்போது யாரும் செலவிடுவதில்லை.

இது இந்த ஒரு சொல்லோடு நிற்கும் நோய் அல்ல. அமெரிக்கப் பந்தயப் பேச்சில் ப்ரீஸ் என்றால் நேரம் குறிக்கும் வேக ஓட்டம். அதைத் ‘தென்றல்’ ஆக்கியதைப் படித்திருக்கிறேன். அனுபவமில்லாத இளங்குதிரையை கிரீன் என்பார்கள். அது தமிழில் ‘பச்சைக் குதிரை’ ஆகி வந்தது. பச்சைக்குதிரை நம் பிள்ளைகள் குனிந்தும் தாண்டியும் ஆடும் விளையாட்டு! ‘பழகாத குதிரை’ என்று எழுத அகராதிகூட வேண்டியதில்லை. குதிரை லாயத்தை ஒரு காலையாவது பார்த்தவரிடம் கேட்டு எழுதியிருந்தால் இவை நேர்ந்திருக்காது. துறைக்காரரைக் கேட்காமல் மொழிபெயர்ப்பது என்பது எல்லாத் துறையிலும் வழக்கமாகிவிட்டது. பாதிக்கப்படுவது அந்தத் துறைக்குப் புதிதாக வரும் தமிழ்ப் பிள்ளைகள்.

நம்மூர்ப் பந்தயக் களங்களில் வேலை செய்பவர்கள் பயிற்றுசவாரியாளரை இன்னும் ‘ரைடிங் பாய்’ என்றே சொல்கிறார்கள். பேச்சில் அது இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் படிப்பின் பெயரிலும் உரிமத்திலும் அதை எழுத்தாக்கக் கூடாது. பல நாடுகளில் இந்த வேலையைச் செய்பவர்களில் பெண்கள் நிறையப் பேர். ஐம்பது வயதைத் தாண்டியவர்களும் இருக்கிறார்கள். இவர்களையெல்லாம் பையன் என்று எழுத முடியாது. சவாரியாளர் என்பதில் ஆண், பெண் என்ற பிரிவும் இல்லை, வயதும் இல்லை. எனவே அந்தப் படிப்பின் தலைப்பை நான் எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்: ‘பயிற்றுசவாரியாளர்களுக்கான பயிற்சியும் தகுதிச்சான்றும்’.