"பரவாயில்லை" என்று சொல்லும் பிள்ளைகள்

க.பொ.த. சாதாரண தரம் முடித்துவிட்டு என்னிடம் வரும் பிள்ளைகளில் அழுதுகொண்டு வருபவர்கள் குறைவு. அம்மாவுக்குப் பின்னால் வந்து, கதிரை நுனியில் இருந்து, எதைக் கேட்டாலும் "பரவாயில்லை மிஸ்" என்று சொல்பவர்கள்தான் அதிகம். திருகோணமலையில் உளவளத்துணையாளராக வேலை தொடங்கிய காலத்தில் இந்தச் சொல்லை நல்ல குணத்தின் அடையாளமாகத்தான் எடுத்துக்கொண்டேன். இப்போது அதைக் கேட்டால் பேனையைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறேன்.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். யாரென்று தெரியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறேன். பதினாறு வயது, மூன்று பிள்ளைகளில் நடுவில். அக்கா பல்கலைக்கழகத்தில், தம்பி வீட்டின் செல்லம். ஓ.எல் பரீட்சை முடிந்த கையோடு, பெறுபேறு வரமுதலே, உயர்தரத்துக்கு பயோ, அதாவது உயிரியல் பிரிவு வகுப்புக்குக் காசு கட்டியாயிற்று. ஒரு மாதத்துக்குள் காலையில் வயிற்றுவலி. டொக்டர் பார்த்து, ஸ்கேனும் எடுத்து, ஒன்றுமில்லை என்ற பிறகு என்னிடம் அனுப்பினார்கள்.

"பயோ விருப்பமா?"

"பரவாயில்லை மிஸ்."

"வேற ஏதும் படிக்க ஆசையா?"

"எதெண்டாலும் பரவாயில்லை."

பேசிக்கொண்டிருக்கும்போதே கையிலிருந்த பஸ் டிக்கெட்டை மடித்து மடித்து ஒரு அரிசியளவு ஆக்கிவிட்டாள்.

மூன்றாவது முறை வந்தபோது, போனில் என்ன பார்ப்பாய் என்று கேட்டேன். "ரிப்ளை 1988" என்றாள். கொரிய நாடகம். முதல் தடவையாகக் கதிரையில் சாய்ந்து இருந்தாள். "அதில டொக்சன் எண்டு ஒரு பிள்ளை, மிஸ். அவளுக்கு முட்டை வைக்க மாட்டினம்" என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள்.

அன்று இரவே நானும் அந்த நாடகத்தைப் பார்க்கத் தொடங்கினேன். 2015 நவம்பர் முதல் 2016 ஜனவரி வரை கொரியாவின் டிவிஎன் அலைவரிசையில் 20 பகுதிகளாக வந்தது. சியோல் நகரத்தில் ஒரு ஒழுங்கை, அதில் ஐந்து கூட்டாளிகள், அவர்களுடைய குடும்பங்கள். ஒரு வீட்டுக் கறி அடுத்த வீட்டுக்குப் போகிறது, அங்கேயிருந்து வேறொரு கறி திரும்பி வருகிறது. எங்கள் பாலையூற்றிலும் உவர்மலையிலும் இன்றைக்கும் நடக்கிற கதைதான். டொக்சனின் அப்பா வங்கியில் வேலை செய்பவர், கூட்டாளிக்குக் கடன் பிணை நின்று நொந்துபோனவர். அதனால் அந்தக் குடும்பம் பாதி நிலத்துக்குக் கீழே இருக்கும் வீட்டில் சீவிக்கிறது. அக்கா சியோல் தேசியப் பல்கலைக்கழகத்து மாணவி. டொக்சனோ வகுப்பில் கடைசிப் பக்கம். அக்காவின் பிறந்தநாளும் அவளுடைய பிறந்தநாளும் சில நாள் இடைவெளியில் வருவதால் வருடாவருடம் இரண்டுக்கும் ஒரே கேக். அக்கா மெழுகுதிரியை ஊதிய பிறகு, அதே கேக்கில் திரியைக் குறைத்து மறுபடி கொளுத்துவார்கள். முதல் பகுதியிலேயே ஒருநாள் அவள் வெடித்து அழுகிறாள்: முட்டை அக்காவுக்கும் தம்பிக்கும், கோழிக்கால் அவர்களுக்கு, எனக்கு ஏன் இல்லை என்று. அதுவரை அவள் வாய் திறந்து கேட்டதில்லை.

வளரிளம் பருவத்து நாடகம் என்றால் காதல், கெட்டுப்போவார்கள் என்று பயந்து போனைப் பறிக்கும் பெற்றோரை நான் நிறையப் பார்க்கிறேன். தங்களால் சொல்ல முடியாத ஒன்றை வேறொரு பிள்ளை சொல்லிக் கேட்பதற்காகவும் பிள்ளைகள் இவற்றைப் பார்க்கிறார்கள். மூன்று சந்திப்பில் நான் எடுக்க முடியாத பதிலை அந்த முட்டை எடுத்துத் தந்தது.

முட்டைக்குப் "பரவாயில்லை" சொல்லிப் பழகிய பிள்ளை பயோவுக்கும் "பரவாயில்லை" சொல்லும். பாடப்பிரிவைத் தெரிவு செய்யும் நாளில் மட்டும் "உன் விருப்பம் என்ன" என்று கேட்டுப் பயனில்லை. பதினாறு வருடமாக யாரும் கேட்காத கேள்விக்கு ஒரு பின்னேரத்தில் பதில் வராது.

பெற்றோரின் அவசரத்தையும் நான் குறைத்துப் பேசமாட்டேன். உயர்தரப் பெறுபேற்றுத் தாளில் இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் புள்ளி), மாவட்ட நிலை, அகில இலங்கை நிலை எல்லாம் வரிசையாக இருக்கும். பல்கலைக்கழகத்தின் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் நாடு தழுவிய திறமையில், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்த 16 இல் திருகோணமலையும் ஒன்று. இதைத் தெரிந்த அப்பா, "எங்கட மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி குறைவு, கொஞ்சம் முயற்சி செய்தால் மெடிசின்" என்று கணக்குப் போடுவது இயல்பு. கணக்கில் பிழையில்லை. அந்த மேசையில் பிள்ளையும் இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளையின் அப்பாவிடம் நாடகத்தின் முதல் பகுதியை மட்டும் மகளோடு இருந்து பார்க்கச் சொன்னேன். அடுத்த கிழமை தனியாக வந்தார். அவருக்கு 1988 இல் பதினான்கு வயது. சியோலில் ஒலிம்பிக் நடந்த அந்த வருடம் எங்கள் தெருவெல்லாம் இந்திய இராணுவம் நின்றது. அந்த வருடக் கடைசியில் வடக்கு கிழக்கு மாகாண சபை இங்கே தொடங்கியது. 1990 ஜூனில் மறுபடி சண்டை தொடங்க அவருடைய குடும்பம் இடம்பெயர்ந்தது, படிப்பு அதோடு நின்றது. "வீட்டை எரிக்கலாம் மிஸ், காணியைப் பறிக்கலாம், படிப்பை ஒருத்தரும் எடுக்கேலாது" என்றார். நாங்கள் எல்லோரும் கேட்டு வளர்ந்த வசனம். அதை அவர் சொன்ன விதத்தில் இருந்த வலியை நான் மதிக்கிறேன்.

பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். நாடகத்தில் அந்த அப்பா இரவு ஒழுங்கையில் கேக்கோடு நின்று, தானும் பிறக்கும்போதே அப்பாவாகப் பிறக்கவில்லை என்று மகளிடம் சொல்லும் இடம் வந்ததும், இவர் எழும்பி வெளியே போய்விட்டாராம். அவர் எழும்பிப் போனதை மகளும் பார்த்திருக்கிறாள். அது போதும் என்று எனக்குத் தோன்றியது.

வீட்டில் உள்ளவர்களிடம் ஒரு வேண்டுகோள். "என்னவாக வரப்போகிறாய்" என்ற பெரிய கேள்வியைக் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கி வையுங்கள். சாப்பாடு, உடுப்பு, எந்த வகுப்பில் எங்கே இருக்கப் பிடிக்கும் என்று சின்னக் கேள்விகளைக் கேளுங்கள். "பரவாயில்லை" என்று வந்தால் நீங்களே பதிலை நிரப்பாமல் காத்திருங்கள். பிள்ளை "வேண்டாம்" என்று சொல்லும் முதல் நாளில் அதை எதிர்த்துக் கதைப்பதாக எடுத்துவிடாதீர்கள். பயோவும் மெத்ஸும் மட்டும் வழியல்ல. கலை, வர்த்தகம், தொழில்நுட்பம் என்று உயர்தரத்திலேயே வேறு பிரிவுகள் உண்டு. தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் தரும் பயிற்சிகளும் இருக்கின்றன. என்னிடம் வந்த ஒரு தம்பி கொரிய மொழி படித்து அந்த நாட்டு வேலைக்கான பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். நாடகத்தில் வரும் கொரியாவும் தொழிற்சாலை வேலையும் ஒன்றல்ல என்பதை இருவரும் விபரமாகக் கதைத்தோம். அவன் போகும் முடிவை மாற்றவில்லை, தெரிந்துகொண்டு போகிறான்.

கவனிக்க வேண்டிய வேறு விடயமும் இருக்கிறது. நித்திரை குழம்புவது, சாப்பாட்டில் வெறுப்பு, கூட்டாளிகளிடமிருந்து ஒதுங்குவது, விருப்பமான பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது, "நான் இல்லாட்டி உங்களுக்குக் கரைச்சல் இல்லை" என்ற பேச்சு. இதில் எதையும் பரீட்சைப் பயம் என்று தள்ளிவிட வேண்டாம். சாக நினைக்கிறாயா என்று நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை உண்டாக்காது, பிள்ளைக்குப் பேச வழி திறக்கும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926, சிறுவர்களுக்கான 1929 ஆகிய இலக்கங்களுக்கு அழைக்கலாம். அரசாங்க வைத்தியசாலையில் காட்டினால் கட்டணம் இல்லை. அங்கே போனால் ஊர் என்ன சொல்லும் என்று ஒருநாளும் பின்போடாதீர்கள்.

கடைசியாக அந்த அப்பா வந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் மகளை டச் பே கடற்கரைக்குக் கூட்டிப்போனதாகச் சொன்னார். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டிருக்கிறார். வழக்கம்போல "எதெண்டாலும் பரவாயில்லை". "அப்பிடியெண்டா நான் இதில இருக்கிறன், யோசிச்சுச் சொல்லு" என்று மணலில் இருந்துவிட்டாராம். பயோவா கொமர்ஸா என்று அன்றைக்கு இன்னும் முடிவாகவில்லை.

"இருபது நிமிசம் மிஸ். பிறகு சொன்னாள், இறால் வடை எண்டு."