ஒரே நிரூபணத்தில் இரண்டு விதிகள்

0, 1 என்ற மதிப்புகளை வைத்துத் தர்க்கத்தைக் கணக்காக்குவது பூலியன் இயற்கணிதம். அதன் விதிகளை எங்கே பார்த்தாலும் இரண்டு வரிசையாகத்தான் போட்டிருப்பார்கள். இந்தப் பக்கம் க + 0 = க; அந்தப் பக்கம் க · 1 = க. இங்கே க + க′ = 1; அங்கே க · க′ = 0. (க′ என்பது க-வின் எதிர்மறை: 0 என்றால் 1, 1 என்றால் 0.) அத்தனையையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை, பாதி போதும். கூட்டல் குறியை, அதாவது 'ஆர்' செயலை (ஒன்றாவது 1 என்றால் விடை 1), பெருக்கலான 'ஆண்ட்' (இரண்டும் 1 என்றால்தான் விடை 1) ஆக்குங்கள்; பெருக்கலைக் கூட்டலாக்குங்கள்; 0, 1 இரண்டையும் இடம் மாற்றுங்கள். மறுபாதி தானே வந்துவிடும். மாறிகளை மட்டும் தொடக்கூடாது. இதுதான் இருமைக் கோட்பாடு.

ஏன் இப்படி? கணிதவியலாளர் ஹண்டிங்டன் 1904-ல் இந்த இயற்கணிதத்துக்கு வகுத்த எடுகோள்களே, அதாவது நிரூபிக்காமல் ஏற்கும் அடிப்படை விதிகளே, ஜோடி ஜோடியாக இருக்கின்றன. குறிகளை மாற்றிப்போட்டால் ஒவ்வொன்றும் தன் ஜோடியாகிவிடும். மொத்தத் தொகுப்பு மாறாது. ஆகவே ஒரு நிரூபணத்தை வரிக்கு வரி மாற்றி எழுதினால், அதுவும் சரியான நிரூபணமே. செய்து பார்ப்போம்:

க + (க · ச) = (க · 1) + (க · ச) = க · (1 + ச) = க · 1 = க

இப்போது மாற்றிப்போட்டது:

க · (க + ச) = (க + 0) · (க + ச) = க + (0 · ச) = க + 0 = க

இரண்டாவது வரியின் நடுவில் கூட்டலைப் பெருக்கலின் மேல் பங்கிட்டிருக்கிறோம். சாதாரண எண் கணக்கில் இது செல்லாது. இங்கே செல்லும், அதுவும் ஒரு ஜோடியின் மறுபாதிதான்.

பலர் சறுக்குவது அடைப்புக்குறியில். க + க · ச என்று குறியில்லாமல் எழுதிவிட்டு மாற்றினால் க · க + ச என்று வரும். அது க ஆகாது; க = 0, ச = 1 என்று போட்டுப் பாருங்கள், விடை 1. முதலில் அடைப்பைப் போடுங்கள், அப்புறம் மாற்றுங்கள்.

இன்னொரு குழப்பம், ஒரு கோவையும் அதன் இருமையும் சமம் என்று நினைப்பது. க + ச-வின் இருமை க · ச. இரண்டும் ஒன்றல்ல. சமன்பாடு உண்மையானால் அதன் இருமைச் சமன்பாடும் உண்மை, அவ்வளவுதான். இருமை என்பது எதிர்மறையும் அல்ல. டி மார்கன் விதிப்படி எதிர்மறை வேண்டுமானால் மாறிகளையும் புரட்டியாக வேண்டும்: க′ · ச′.

அந்த விதியும் இருமையும் கைகோப்பதைச் சிப்புக்குள்ளேயே பார்க்கலாம். இருவகை டிரான்சிஸ்டர்களை ஜோடியாக வைக்கும் சீமாஸ் (CMOS) முறையில் கட்டிய 'நாண்ட்' கேட்டில், அதாவது ஆண்டின் எதிர்மறையைத் தரும் சுற்றில், கீழ்ப்பாதியின் இரண்டு டிரான்சிஸ்டர்கள் தொடர் இணைப்பில் இருக்கும். மேல்பாதியின் இரண்டும் பக்க இணைப்பில். கீழே ஆண்ட், மேலே அதன் இருமையான ஆர். கீழுள்ளவை 1 வந்தால் கடத்தும். மேலுள்ளவை 0 வந்தால்தான் கடத்தும், மாறிகளைப் புரட்டும் வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. எனவே எந்த உள்ளீடு வந்து நின்றாலும் ஒரு பாதி கடத்தும், மறுபாதி கடத்தாது. மின்வழங்கியிலிருந்து நிலத்துக்கு நேர்வழி கிடைக்காது.