நிமிர்ந்து நில்லுங்கள், விறைத்து நிற்காதீர்கள்

பாட ஆரம்பித்து நாலைந்து மாதம்கூட ஆகியிருக்காது. "தொண்டை வலிக்கிறது, கொஞ்சம் மேல் ஸ்தாயிக்குப் போனாலே குரல் உடைகிறது" என்று வருகிறார்கள். காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்திருப்பார். குரல் நாண்களில் கட்டியும் இல்லை, வீக்கமும் இல்லை. சரி, நாலு வரி பாடுங்கள் என்பேன். உடனே எழுந்து நெஞ்சை முன்னே தள்ளி, வயிற்றை உள்ளே இழுத்து, தோளைப் பின்னுக்கு அழுத்தி, அணிவகுப்பில் நிற்பவர் போல நின்றுகொள்வார்கள். கேட்டால், "நிமிர்ந்து நின்று பாடச் சொல்லியிருக்கிறார்கள்" என்பார்கள். சென்ற வாரமும் அப்படி ஒருவர் வந்தார். இனியும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கூன் போட்டுப் பாடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விளக்க வேண்டியதில்லை. என்னிடம் வருகிறவர்களில் கூன் போடுபவர்களைவிட விறைத்து நிற்பவர்களே அதிகம். அவர்களைத் திருத்துவதுதான் கஷ்டமும்கூட, ஏனென்றால் தாங்கள் சரியாக நிற்கிறோம் என்று மனதார நம்புகிறார்கள்.

முதலில் வயிறு. நுரையீரலுக்கு அடியில் கூரை போல வளைந்திருக்கும் தசைதான் உதரவிதானம். மூச்சை இழுக்கும்போது அது கீழே இறங்குகிறது. சும்மா இருக்கும்போது ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இறங்கும், ஆழ்ந்து இழுத்தால் 10 சென்டிமீட்டர் வரைகூட இறங்கும். அது இறங்க இடம் வேண்டுமே. கீழே இருக்கிற குடலும் இரைப்பையும் கல்லீரலும் முன்னாலும் பக்கவாட்டிலும் நகர்ந்துதான் அந்த இடத்தைக் கொடுக்கின்றன. அதனால்தான் மூச்சை இழுக்கும்போது வயிறு வெளியே வருகிறது. வயிற்றுக்குள் காற்றா போகிறது? இல்லை. வயிற்றிலிருந்து பாடு என்று சொல்வதைக் கேட்டுப் பலர் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்கள். காற்று போவது நுரையீரலுக்கு மட்டும்தான், வயிறு வழிவிடுகிறது, அவ்வளவே.

இப்போது அந்த வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். உதரவிதானம் இறங்க வழியில்லை. காற்று வேண்டும் என்பதால் உடம்பு வேறு வழி தேடுகிறது. தோள் மேலே ஏறுகிறது, கழுத்துத் தசைகள் விலா எலும்பைத் தூக்குகின்றன. மூச்சும் அரைகுறையாகத்தான் கிடைக்கிறது, அதோடு கழுத்து முழுக்க இறுகிவிடுகிறது. அந்தக் கழுத்துக்குள்தானே குரல்வளை இருக்கிறது! குரல்வளை தொங்குவது நாவடி எலும்பிலிருந்து. அந்த எலும்போ உடம்பின் வேறெந்த எலும்போடும் மூட்டாகச் சேராமல், நாக்கு, தாடை, மண்டையோட்டிலிருந்து வரும் தசைகளாலும் நார்களாலும் தாங்கப்படுகிறது. சுற்றி எந்தத் தசை இறுகினாலும் குரல்வளைக்கு அது தெரியும். இப்படிப் பாடுபவரின் தாடைக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தால், ஒரு சுரம் ஏறுவதற்குள் அந்த இடம் கெட்டிப்படுவது தெரிகிறது. வலி அங்கேதான் தொடங்குகிறது.

இது புதிய சங்கதி இல்லை. 1869இல் டாஸ்மேனியாவில் பிறந்த எஃப். எம். அலெக்சாண்டர், மேடையில் கவிதைகளை ஒப்பிப்பவர். மேடையேறினால் குரல் கம்மிவிடும், ஓய்வெடுத்தால் சரியாகும், மறுபடி ஏறினால் மறுபடி கம்மும். கண்ணாடி முன் நின்று தன்னையே கவனித்தபோதுதான் பிடிபட்டது. பேசத் தொடங்கும் அந்தக் கணத்திலேயே தலையைப் பின்னுக்கு இழுத்து, குரல்வளையை அழுத்தி, வாயால் சத்தத்தோடு மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். தலையைப் பின்னுக்கு இழுப்பதை நிறுத்தியதும் மற்ற இரண்டும் தாமாகக் குறைந்தன. அவர் பெயரால் வழங்கும் பயிற்சி முறையைப் பாடகர்களும் நடிகர்களும் இன்றும் கற்கிறார்கள்.

மேல் சுரத்துக்குப் போகும்போது மோவாயைத் தூக்குவதும் இதே கதைதான். சுரம் மேலே இருக்கிறது என்பதற்காகத் தலை மேலே போக வேண்டியதில்லை. குரல் நாண் நீண்டு மெலிந்து வேகமாக அதிர்வதால்தான் சுரம் உயர்கிறது, மோவாய்க்கு அதில் வேலையே இல்லை. தயவுசெய்து தூக்காதீர்கள்.

முழங்காலைப் பூட்டி நிற்காதீர்கள். ஆடாமல் அசையாமல் நிற்கும்போது கெண்டைக்கால் தசைகள் இரத்தத்தை மேலே தள்ளும் வேலை நின்றுபோய், காலில் இரத்தம் தேங்குகிறது. சேர்ந்திசையில் நீண்ட நேரம் நிற்பவர்கள் சிலர் மயங்கி விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். முழங்காலை லேசாகத் தளர்த்தி, பாதங்களை இடுப்பளவு அகலத்தில் வைத்தால் போதும். அப்புறம் கொஞ்சம் அசையுங்கள், ஒன்றும் தப்பில்லை.

தரையில் உட்கார்ந்து பாடுகிறீர்களா? முழங்கால் இடுப்பைவிட உயரத்தில் இருந்தால் முதுகு தானாக வளையும். போர்வையை மடித்து அடியில் போட்டு இடுப்பை உயர்த்துங்கள். நாற்காலி என்றால் முன்பாதியில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றுங்கள்.

பாட்டு வரிகளைப் போனில் பார்த்துப் பாடுகிறவர்களிடம் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது. ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ள தலையை முன்னால் தொங்கப்போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் பாடிவிட்டு, தொண்டை வலிக்கிறது என்றால் நான் என்ன செய்ய? போனைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். மைக்கையும் வாய்க்கு அருகே கொண்டுவாருங்கள், கழுத்தை நீட்டி மைக்கைத் தேடிப் போகாதீர்கள்.

விறைப்பு இல்லாத நிமிர்வு எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால், தரையில் மல்லாந்து படுங்கள். முழங்கால்களை மடித்துப் பாதங்களை ஊன்றி, தலைக்கு அடியில் மெல்லிய புத்தகம் ஒன்றை வைத்து, ஐந்து நிமிடம் சும்மா மூச்சு விடுங்கள். வயிறு தானாக ஏறி இறங்கும். பின்கழுத்து நீண்டிருக்கும், தோள் தரையில் படிந்திருக்கும். அதே நிலையில் ஒரு சுரத்தை நீளமாகப் பிடியுங்கள். எழுந்து நின்றபின் அந்தத் தளர்ச்சியை எவ்வளவு தூரம் காப்பாற்ற முடிகிறது என்று பாருங்கள். பக்கவாட்டிலிருந்து யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், முன்னாலிருந்து எடுத்தால் மோவாயும் கழுத்தும் சரியாகத் தெரியாது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். குரல் கம்மல் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், நிற்கும் விதத்தை ஆராய்ந்துகொண்டிருக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

குழந்தைகளைப் பாட்டு வகுப்புக்கு அனுப்புகிற பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். வீட்டில் சாதகம் பண்ணும்போது நிமிடத்துக்கு ஒருமுறை "நிமிர், நிமிர்" என்று அதட்டாதீர்கள். பயத்தில் குழந்தை தோளைத் தூக்கி மூச்சைப் பிடித்துக்கொள்ளும். மடியில் இருக்கிற நோட்டை எடுத்து, அதன் கண் மட்டத்தில் ஒரு தாங்கியில் வைத்துக் கொடுங்கள். நிமிரச் சொல்ல வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது.