ஃபைபர் போட்டில இருக்கிற ஃபைபர் என்ன சாமான்? – சொல் விளக்கம்

திருக்கோணமலையில கொட்பே, நிலாவெளி, கிண்ணியா எங்க போய்க் கேட்டாலும் "ஃபைபர் போட்" எண்டுதான் சொல்லுவாங்க. பேர் ஊரெல்லாம் ஊறிப்போச்சு, ஆனா அது சாமானில பாதியைத்தான் சொல்லுது. இன்ரநெட் லைனும் ஃபைபர், சாப்பாட்டில இருக்கிற நார்ச்சத்தும் ஃபைபர், போதாக்குறைக்கு கடையில விக்கிற வெறும் பிளாஸ்டிக் கதிரையையும் சிலபேர் ஃபைபர் எண்டுறாங்க, அதில ஒரு இழைகூட இல்லை.

ஃபைபர் எண்டது லத்தீன் 'ஃபைப்ரா'வில இருந்து பிரெஞ்சு வழியா ஆங்கிலத்துக்கு வந்த சொல். எங்களிட்ட அதுக்கு நாரும் இருக்கு, இழையும் இருக்கு. நார் மரம் செடியில உரிச்செடுக்கிறது, இழை நூலா நீட்டி இழுக்கிறது. போட்டில இருக்கிற ஃபைபர் கண்ணாடியில செய்தது, கண்ணாடியை உருக்கி நுண்ணிய துளைகளுக்குள்ளால வேகமா இழுத்துத்தான் அதைச் செய்யிறாங்க, அதால 'கண்ணாடியிழை' எண்டதுதான் பொருத்தம். ஃபைபர்கிளாஸ் எண்ட பேரை உலகம் முழுக்கப் பரப்பினது அமெரிக்காவில 1938இல தொடங்கின ஓவன்ஸ் கோர்னிங் கம்பனி. முதல்ல அது சூடு கடத்தாமல் இருக்க சுவருக்குள்ள வைக்கிற பஞ்சு, பிசினோட சேர்ந்து கடல்ல ஓடுற போட்டாக மாறினது 1940கள்ல.

வழமையா பாவிக்கிறது 'ஈ' கிளாஸ் எண்ட கண்ணாடி வகை, மின்காப்புக்கு (இலெக்ட்ரிக்கல்) எண்டு உருவாக்கினதால அந்தப் பேர். அதில கிட்டத்தட்ட 54 வீதம் சிலிக்கா, 14 வீதம் அலுமினா, மிச்சத்தில பெரும்பகுதி கல்சியம் ஒட்சைட்டும் போரன் ஒட்சைட்டும். கண்ணாடி உடையிற சாமானாச்சே, அது எப்பிடி அலையைத் தாங்கும் எண்டு கேக்கலாம். தடிச்ச கண்ணாடியில கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கும், உடைவு அதில இருந்துதான் ஓடும், இழை மெல்லிசாக மெல்லிசாக அந்த வெடிப்பும் சின்னனாகி பலம் கூடும் எண்டதை கிரிஃபித் எண்ட ஆங்கிலேயர் 1921இல வெளிவந்த ஆய்வில காட்டினார்.

இழைக்குப் பலம் இருக்கு, உருவம் இல்லை. அதைப் பிடிச்சு வைக்கிறது பொலியெஸ்டர் பிசின். அது ஸ்டைரீனில கரைஞ்சு தண்ணிப் பதத்தில இருக்கும், ஹார்ட்னர் விட்டதும் சூடாகி இறுகும். வெள்ளை மேட்டை (வெட்டின கண்ணாடியிழையைப் பரப்பிச் செய்த விரிப்பு) அச்சில விரிச்சு பிறசால பிசினைக் குத்திக் குத்தி வைக்கேக்க பாருங்க, வெள்ளை மெல்ல மெல்ல மறைஞ்சு கீழ இருக்கிறது தெரிய வரும், ரெண்டும் வெளிச்சத்தை ஏறக்குறைய ஒரேயளவில வளைக்கிறதுதான் காரணம். எங்கயாவது வெள்ளையா நிண்டால் அங்க காத்து அடைபட்டுக் கிடக்கு, ரோலரால உருட்டி வெளியேத்த வேணும். மேட் அடுக்கில நிறைக்கு 30 வீதம் மட்டும்தான் கண்ணாடி, நெய்த துணி வச்சால் 50 வீதம் வரைக்கும் போகும். பிசினைக் கூட ஊத்தினால் பலம் கூடும் எண்டு நினைக்கிறது பிழை, பலம் இழையில, வெறும் பிசின் முறுகி வெடிக்கும். இரும்பு தண்ணியை விட 7.8 மடங்கு பாரம், இந்த மேட் அடுக்கு ஒண்டரை மடங்குக்குக் கிட்டத்தான்.

முழுச் சாமானுக்கும் 'கண்ணாடியிழை வலுவூட்டிய நெகிழி' எண்டு எழுதுறாங்க. கண்ணாடியிழை சரி, வலுவூட்டியதும் சரி, நெகிழிதான் எனக்கு உறுத்துது. நெகிழிறதால நெகிழி, ஆனா இந்தப் பிசின் ஒருக்கா இறுகினால் பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் உருகாது, கருகும். பள்ளிக்கூடத்தில படிச்ச 'சேர்வை'யும் (கொம்பவுண்ட்) பொருந்தாது, ஏனெண்டால் கண்ணாடியும் பிசினும் கடைசிவரைக்கும் வேற வேறயாத்தான் இருக்கு, போட்டின்ர உடைஞ்ச அணியத்தை (முன்பக்கத்தை) பார்த்தால் வெள்ளை இழை தும்புதும்பா நீட்டிக்கொண்டு நிக்கும். 'கண்ணாடியிழைப் பிசின்கூட்டு' எண்டு சொன்னால் ரெண்டு பங்காளியும் பேரிலயே வந்திடும், நான் அப்பிடித்தான் எழுதுறன்.

இறுகினது திரும்ப உருகாது எண்டதால பழைய அடுக்கோட புதுசு உருகி ஒட்டாது. திருத்தேக்க பெயிண்டும் ஜெல்கோட்டும் (மேல இருக்கிற வழவழப்பான பிசின் பூச்சு) போய் இழை தெரியிறவரைக்கும் தேய்ச்சு, தூசி துடைச்சு, காயவிட்டுத்தான் புது மேட் வைக்க வேணும். அந்தத் தூசி தோலில குத்தி அரிக்கும், நெஞ்சுக்குள்ளயும் போகும், அதால மாஸ்க் இல்லாமல் தேய்க்காதைங்க.