அபுனைவு: ஒரு ‘ப்’ தொலைந்த கதை

போன மாதம் மட்டக்களப்பு நகரில் ஒரு நூல் அறிமுகக் கூட்டம். கடந்த அறுபது, எழுபது ஆண்டு வரலாற்றை நம்மவர்கள் கதையாகவும் கட்டுரையாகவும் எப்படி எழுதிவைத்திருக்கிறார்கள் என்பதுதான் பேச்சு. பேசிய தம்பி நன்றாகத்தான் பேசினார். ஆனால் முக்கால் மணி நேரத்தில் ‘அபுனைவு’ என்ற சொல்லை நான் எண்ணிய அளவில் 31 தடவை சொன்னார். பத்தாவது தடவையில் பக்கத்துக் கதிரையில் இருந்த அம்மா என் பக்கம் சாய்ந்து, “அதென்ன மனே, அபினைப் பத்தின பொத்தகமா?” என்று கேட்டார்.

“இல்லையம்மா, கதை இல்லாத புத்தகம்.”

“கதை இல்லாம மறுகா என்னத்த மனே கதைக்கிறாங்க?”

அவருக்குப் பதில் சொல்ல முடியாமல் போனதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

‘அபுனைவு’ ஆங்கில ‘நொன்-ஃபிக்‌ஷ’னுக்குப் போட்ட தமிழ். முதலில் அந்த மூலத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஃபிக்‌ஷன் என்ற சொல், களிமண்ணைப் பிசைந்து உருக்கொடுப்பதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. அதன் முன்னே ‘நொன்’ போட்டது 19ஆம் நூற்றாண்டு நூலகக்காரர்கள். கதைப் புத்தகம் ஒரு தட்டில், மிச்சமெல்லாம் மற்றத் தட்டில். அந்தச் சொல்லில் ‘மிச்சம்’ என்பதற்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் இதை ‘நான்-ஃபிக்‌ஷன்’ என்று எழுதுவார்கள். பார்க்கும்போதெல்லாம் யாரோ தன்னையே கற்பனை என்று ஒப்புக்கொள்வதுபோல் இருக்கும். நாங்கள் ‘நொன்’ என்று எழுதுகிறபடியால் தப்பினோம்.

‘புனை’ நம்முடைய பழைய வினை. பூத்தொடுத்தல், அணிசெய்தல், ஓவியம் எழுதுதல், ஒன்றைச் செய்து முடித்தல் எல்லாம் அதற்குள் அடங்கும். பாயிரத்துக்கு நன்னூல் தரும் பெயர்களில் ‘புனைந்துரை’யும் ஒன்று. பொய் கலந்தது என்ற வாசனை பிறகு ஏறியது. ஃபிக்‌ஷனுக்குப் புனைவு என்பது நல்ல பொருத்தம், அதில் எனக்கு வழக்கில்லை.

வழக்கு அந்த ‘அ’வோடு.

நீதி அநீதி ஆகும், தர்மம் அதர்மம் ஆகும், சைவம் அசைவம் ஆகும். எல்லாம் வடசொல், வடமொழி முன்னொட்டு, பிழையில்லை. நன்மையை ‘அநன்மை’ என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? தமிழ்ச் சொல்லுக்கு முன்னால் ‘அ’ வந்து நின்றால் அது சுட்டு. அக்கதை, அப்பொழுது, அத்தெரு. சுட்டுக்குப் பின்னால் வல்லினம் மிகும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆக ‘அபுனைவு’ என்று எழுதினால் படிப்பவர் கண்ணுக்கு அது ‘ப்’ தொலைந்த ‘அப்புனைவு’. அதாவது, அந்தப் புனைவு. சொல்ல வந்ததற்கு நேர் எதிர்.

இது என் கற்பனை அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வாசகர் வட்ட மலருக்கு ஒருவர் ‘அபுனைவு நூல்கள்’ என்று தலைப்பிட்டுக் கட்டுரை தந்தார். அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் பிள்ளை பிழை என்று நினைத்து ஒரு ‘ப்’ சேர்த்துவிட்டார். ‘அப்புனைவு நூல்கள்’ என்று 300 பிரதி வந்தது. கட்டுரையாளர் துள்ளிக் குதித்தார். நான் அந்தப் பிள்ளையின் பக்கம். இலக்கணம் தெரிந்த கை அது.

இதற்காக என்னைத் தனித்தமிழ்க்காரன் என்று சொல்லாதீர்கள். நான் இருக்கும் கதிரையும் புத்தகம் அடுக்கும் அலுமாரியும் போர்த்துக்கேயரிடம் வாங்கிய சொற்கள்தான். வாங்கலாம், வாங்கியதைப் பூட்டத் தெரிய வேண்டும். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கத்துக்குத் தலைமை தாங்கியபோது அறிஞர்கள் கூடியிருந்து சொல் சொல்லாக எடைபோட்டார்கள். இப்போது ஒருவர் இரவு போட்ட சொல் விடிய நூறு அழைப்பிதழில் நிற்கிறது. வாயில் வைத்துச் சொல்லிப் பார்ப்பார் யாருமில்லை.

‘புனைவிலி’ என்றும் ஒரு போட்டி உண்டு. அறிவிலி, போக்கிலி, ஏதிலி. ‘இலி’ என்றால் இங்கே ஒரு ஆள் வந்து நிற்கிறார், அதுவும் இல்லாதவராக. அகதியைக் குறிக்கும் ஏதிலி என்ற சொல்லை உடம்பால் அறிந்த ஊர் இது. புத்தகத்தை அந்த வரிசையில் நிறுத்த எனக்கு மனமில்லை.

தமிழிலேயே மறுக்க வழியில்லையா என்றால், நெடுநல்வாடையைப் பாருங்கள். அரசன் பாசறையில் இருக்கிறான், அரசி அணிகளைக் களைந்திருக்கிறாள். ‘புனையா ஓவியம் கடுப்பப் புனைவில்’ என்று போகிறது அடி. தீட்டி முடிக்காத ஓவியம்போல, ஒப்பனை இல்லாமல் என்று பொருள். ‘புனையா’, ‘புனைவு இல்’ என்று ஒரே அடியில் இரண்டு மறுப்பு. புலவருக்கு அந்த ‘அ’ தேவைப்படவில்லை.

ஆனாலும் ‘புனைவில்’ என்பதையும் நான் எடுக்கமாட்டேன். ‘இல்’ ஒன்று அங்கே கிடையாது என்கிறது. ‘அல்’ இது அதுவன்று என்கிறது. வேறுபாடு சின்னதல்ல. 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியை எங்கள் அம்மம்மா நூறு தடவை சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் விழுந்த தென்னைகள் கூடும். கூரைத் தகடு பறந்த திசை மட்டும் மாறாது. அது கதையா, சாட்சியமா? எங்கே தொடங்குவது, எங்கே மூச்சு விடுவது என்று அவர் புனைந்துதான் சொன்னார். ஆனால் சூறாவளி புனைவல்ல. 1962இல் அச்சில் பதிப்பான மட்டக்களப்பு மான்மியமும் இப்படித்தான். மன்னர் பரம்பரையும் கோயில் வழமையும் ஐதிகமும் ஒரே கட்டில் கிடக்கின்றன. இதைப் புனைவு இல்லாதது என்று எந்த வாயால் சொல்வது?

மறுபக்கமும் உண்டு. போர்க்காலத்தை எழுதுகிற பலர் ஆட்பெயரையும் ஊர்ப்பெயரையும் மாற்றி, அட்டையில் ‘நாவல்’ என்று போடுகிறார்கள். கலை ஆசை மட்டும் காரணமல்ல. அதில் வருகிறவர்கள் இன்னும் அடுத்த தெருவில் இருக்கிறார்கள். இந்த நாவலைத் தமிழ்நாட்டில் ‘புதினம்’ என்பார்கள், நமக்கோ புதினம் என்றால் செய்தி. “என்ன புதினம்?” என்று கேட்டால் நடந்ததைத்தான் சொல்வோம். ‘வரலாற்றுப் புதினம்’ என்ற அட்டையைப் பார்த்து ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆகவே என் தெரிவு ‘அல்புனைவு’. அல் சேர்ந்த திணைதான் அஃறிணை. வேற்றுமை அல்லாதது அல்வழி. பழகிய பாதை. ‘அற்புனைவு’ என்று திரிய வேண்டாமா என்று கேட்பவருக்கு, அல்வழியில் லகரம் திரிந்தும் வரும், திரியாமலும் வரும் என்று நன்னூலே இடம் தருகிறது. அதையும் நூலகத் தட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பது தன்வரலாறு என்றால் தன்வரலாறு என்றே சொல்லுங்கள். ஊர் வரலாறு, நினைவுக்குறிப்பு, பயணக் கட்டுரை, சாட்சியம் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்கும்போது ஏன் எல்லாவற்றையும் ‘மிச்சம்’ என்ற பெட்டிக்குள் போட வேண்டும்?

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அழைப்பிதழ் நான்தான் எழுதினேன். ‘அல்புனைவு நூல்கள்: ஒரு மாலை’ என்று கொடுத்தேன். நேற்று அச்சகத்திலிருந்து அதே பிள்ளை தொலைபேசியில் வந்தார்.

“சேர், அல்லும் பகலும் எண்டு வருமே, அந்த அல்லா இது? மாலை எண்டு வேற போட்டிருக்கு. இராப் புனைவா சேர்?”